ஏகாம்பரம் பாலம், எறங்கு

1

போன வாரம் என் மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு பெயர் மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தாள். எங்கள் குடும்பப் பெயர் பாலம். அதைப் பாமர் என்று மாற்ற வேண்டுமாம். இந்த வெள்ளைக்கார ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாலம் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு வாத்தியார் பேலம் என்கிறார், இன்னொருவர் பிளம் என்று பழக்கடைக்குப் போய்விடுகிறார். மலர்விழி என்று நாங்கள் வைத்த பெயர், பள்ளியில் சேர்த்த முதல் வாரமே மாலி ஆகிவிட்டது. மாலி பாமர் என்றால் காதுக்கு நன்றாக இருக்கும், யாரும் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்க மாட்டார்கள் என்பது அவள் வாதம். முழுக்க இங்கிலீஷில் வாதாடினாள். என் இங்கிலீஷ் அவளுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு வளரவில்லை. அவள் தமிழ் என் பதிலைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வளரவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் விவாதங்கள் சீக்கிரம் முடிந்துவிடும்.

எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. பாமரன் என்பதில் வாலை மட்டும் நறுக்கிக் கூப்பிடப் போகிறார்கள், ஊரில் முழுசாகவே கூப்பிட்டவர்கள் உண்டு. ஆனால் என் மனைவி சுகுணா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டாள்.

"அந்தப் பேரு எப்டி வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமாடி? சும்மா வந்துச்சா? அதுல கைய வெச்ச, அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

மகள் என்னைப் பார்த்தாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று மொழிபெயர்க்கச் சொல்கிற பார்வை. நான் ரசத்தைப் பார்த்தேன்.

திருவண்ணாமலையில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நம்ம பக்கத்தில் குடும்பப் பெயரே கிடையாதே, அப்பா பேரில் ஒரு எழுத்து, அப்புறம் நம்ம பேர், அவ்வளவுதானே, இவனுக்கு மட்டும் எங்கிருந்து பாலம் வந்தது என்று. அதைச் சொல்ல வேண்டுமானால் பாலத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

2

கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஓடை. அதன்மேல் உப்புப் பாலம். எந்தக் காலத்திலோ உப்பு வண்டிகள் அங்கே நின்று மாடு அவிழ்த்த இடமாம். பாலம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடு அந்தப் பக்கம் இறங்கும்போது வண்டி இந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வரும், தீபத்துக்கு வந்த கூட்டம் கலைவதற்குள் அதுவும் போய்விடும். மற்ற மாதங்களில் பாலத்துக்குக் கீழேதான் நாங்கள் நிழலுக்கு ஒதுங்குவோம்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஜெயவேலு சோடாக்கடை வைத்திருந்தார். கட்சியில் வட்டச் செயலாளர். அவர் கட்சித் தலைவர் ஒருமுறை கூட்டத்துக்குப் போகும் வழியில் கார் பஞ்சராகி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு கோலி சோடா குடித்தார். சக்கரம் மாட்டியதும் போய்விட்டார். அன்று முதல் ஜெயவேலு தலைவரின் தாகம் தீர்த்தவர் ஆனார். எழுபதுகளில் அவர்கள் ஆட்சி வந்ததும், தலைவர் உட்கார்ந்த பாலத்துக்குத் தலைவர் பெயரையே வைக்க வேண்டும் என்று ஓடியாடித் தீர்மானம் போட வைத்துவிட்டார். அந்த ஓடையில் நிறைய நாள் கழித்து ஏதோ ஓடியது என்றால் அது அவர்தான்.

தலைவர் பெயர் ஏகாம்பரனார். என் பெயர் ஏகாம்பரம். எங்கள் இருவருக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருக்கு நாட்டைப் பற்றிக் கவலை. நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களை நம்பி ஒரு சின்ன மெஸ் வைத்திருந்தேன். எனக்கு மாவு புளிக்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலை.

போர்டு வந்தது. 'தியாகச்சுடர், ஏழைகளின் ஏணி, சமத்துவச் செம்மல் ஏகாம்பரனார் பாலம்.' பட்டங்களில் ஒன்றைக்கூட விட ஜெயவேலு சம்மதிக்காததால் போர்டு பாலத்தைவிட நீளமாகிவிட்டது. இரண்டு முனையும் பாலத்தைத் தாண்டிக் கரையில் கம்பம் நட்டு நிறுத்தினார்கள். திறப்பு விழாவுக்குத் தலைவரால் வர முடியவில்லை. அவருடைய படம் மாலை போட்டுக் காரில் வந்தது, அதுவும் பாலத்தில் இறங்கவில்லை.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். கூட்டத்தில் பக்கத்தில் நின்றவரிடம், எனக்கு எதுக்குங்க இவ்ளோ செலவு, வேணாம்னுதான் சொன்னேன், கேக்க மாட்டேன்ட்டாங்க என்றேன். அவர் கட்சிக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. மெஸ்ஸுக்கு அப்புறம் கொஞ்ச நாள் கட்சிக்காரர்கள் வரவில்லை. கடன் சொல்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

3

பெயர் வைத்தாயிற்று. அதைச் சொல்வது யார் என்பதில்தான் சிக்கல்.

கட்சிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். தலைவர் பெயரை வாயால் சொல்வது மரியாதை இல்லை, தலைவர் என்றுதான் சொல்ல வேண்டும். தலைவர் பாலம் என்றால் எந்தத் தலைவர் என்று எதிர்க்கட்சிக்காரன் கேட்பான். எதிர்க்கட்சிக்காரனும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டான், சொன்னால் வாய் கழுவ வேண்டும். பொதுஜனம் உப்புப் பாலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜெயவேலுவுக்கு இது பொறுக்கவில்லை. டவுன் பஸ்ஸை நிறுத்தி, இனிமேல் ஸ்டாப் பெயரைச் சரியாகச் சொல்லித்தான் ஆளை இறக்க வேண்டும், டிக்கெட் கேட்கிறவர்களும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று கண்டக்டர் பாஷா பாயிடம் உத்தரவு போட்டார்.

பாஷா பாய் சொன்னபடி கேட்கிற மனுஷன். முழுப் பட்டத்தையும் சொல்லிப் பார்த்தார். தியாகச்சுடரில் ஆரம்பித்து ஏணியில் ஏறுவதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டிவிடும், செம்மலுக்கு வரும்போது அடுத்த ஸ்டாப். இறங்க வேண்டியவர்கள் திரும்பி நடந்து வந்தார்கள். பிறகு அவரே அதைச் சுருக்கிக்கொண்டார். பஸ் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, "ஏகாம்பரம் பாலம், எறங்கு."

இதற்கும் பஞ்சாயத்து வந்தது. ஜெயவேலுவின் கடை வாசலில் வைத்தே விசாரித்தார்கள். நான் அப்போது அங்கே சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாய் இது, தலைவர எறங்குன்றியே. பதவிய உட்டு எறங்கச் சொல்றியா?"

பாஷா பாய் யோசித்தார். "எறங்குங்கன்னு சொல்லட்டுங்களா?"

"அப்பவும் எறங்கத்தான சொல்ற."

"ஏறுன்னு சொன்னா எறங்க மாட்டாங்களே ஜெயவேலு."

இந்தத் தர்க்கத்தோடு பஞ்சாயத்து கலைந்தது. ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஊர்வலத்தில் அவர்கள் போட்ட கோஷம் இதுதான்: ஏகாம்பரம் பாலம், எறங்கு. பாலம் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் முதல்முறையாக ஒரு டவுன் பஸ் கண்டக்டர் அரசியல் இயக்கம் ஒன்றைத் தொடங்கிவைத்திருந்தார். அவருக்கே தெரியாது.

இத்தனை பேருக்கு நடுவில் உண்மையிலேயே கஷ்டப்பட்டது ஒரே ஆள், சுகுணா. எங்கள் கல்யாணம் ஆகி அப்போது கொஞ்ச காலம்தான். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அவள் கீழ்பென்னாத்தூரில் பால்வாடி டீச்சர், தினமும் சாயங்காலம் அந்த பஸ்ஸில்தான் திரும்புவாள். கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். பால்வாடியில் ஏகாம்பரம் என்று ஒரு பையன் சேர்ந்தபோது அவனை ராஜா என்று கூப்பிட்டவள் அவள். இப்போது டிக்கெட் வாங்க என் பெயரைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் பஸ்ஸில் நடந்தது ஊர் முழுக்கத் தெரியும். எங்க போவணும்மா என்று பாஷா பாய் கேட்டிருக்கிறார். பாலத்தாண்ட என்றாள். எந்தப் பாலம் என்றார். புதுசா பேரு வெச்சாங்களே அது என்றாள். பேரச் சொல்லும்மா, பின்னாடி கட்சி ஆளு நிக்கிறான் என்றார் அவர் மெதுவாக. சுகுணா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாளாம்:

"எங்க வூட்டுக்காரர் பாலம்."

பஸ்ஸே சிரித்தது. ஏம்மா, உங்க வூட்டுக்காரர் கட்னதா, கான்ட்ராக்டரா என்று ஒருத்தர் கேட்டார். வாடகைக்கு வுடுவாரா என்று இன்னொருத்தர். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். பாஷா பாய் மட்டும் அன்று சிரிக்கவில்லை. மறுநாள் டிக்கெட்டை அவரே கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தங்கச்சி. எங்க வூட்லயும் இதே கததான். நானு வூட்ல இருக்கறதே கம்மி, அதையும் பேரச் சொல்லிக் கொறைக்க வேணாம்னு இருக்குது அது" என்றாராம். அதன்பிறகு பாலம் வந்ததும் அவள் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூவுவார். சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் சொல்லிவிடுவார், அவள் இறங்கினால் போதும்.

4

என் மெஸ்ஸில் ஒரு தாடிக்காரத் துரை தினமும் சாப்பிட வருவார். அமைதியைத் தேடி வந்தவர். பாதி நாள் மலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், மீதி நாள் என் பொங்கலைப் பார்த்து. அமைதி கிடைத்ததோ இல்லையோ, அவருக்கு ஒரு யோசனை கிடைத்தது. தன் ஊரில் சைவச் சாப்பாட்டுக்கடை போடப் போகிறேன், நீ சமைக்க வா என்றார். பர்மிட் எல்லாம் அவரே வாங்கினார். அவர் அமைதிக்காக இங்கே வந்தார், நான் சம்பளத்துக்காக அங்கே போனேன். இரண்டு பேருமே எதிர்பார்த்ததைவிடக் கம்மியாகத்தான் கிடைத்தது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

கைக்குழந்தை மலரோடு சுகுணா ஊரில் இருந்தாள். நான் போய் இடம் பிடித்ததும் அவர்களை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஒரு மாசம், ரெண்டு மாசம் என்று நினைத்தோம். மலர் நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, போட்டோவில் இருந்த என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கடைக்கு மேலே ஒரு அறையில் நான் தனியாக இருந்தேன். பெரிய துக்கம் என்று சொல்ல மாட்டேன். இங்கே மழை பெய்துகொண்டே இருக்கும், அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான். ஆனால் நாலு பேருக்கு அளந்து போட்ட அரிசியில் பொங்கல் வைத்து ஒற்றை ஆளாகச் சாப்பிட்டால் நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் பாதிக்கப்படுகிறது.

5

கடைசியில் மெட்ராஸில் விசா நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். என் மச்சான் முருகேசன், சுகுணாவின் தம்பி, துணைக்குப் போனான். உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். உண்மையான பெண்டாட்டியா, பொய்ப் பெண்டாட்டியா என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அதற்கு அவர்கள் வைத்திருந்த முதல் கேள்வி: உன் புருஷன் பெயர் என்ன?

சுகுணா சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் ஊரில் அதுதான் சரியான பதில். உண்மையான பெண்டாட்டி என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. சட்டென்று பெயரைச் சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதிகாரி இரண்டாவது தடவை கேட்டார். எழுதிக் காட்டட்டுமா என்றாள். வாயால்தான் சொல்ல வேண்டும் என்றார்கள், எழுத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிற பெண்களை நிறையப் பார்த்தவர்களாம். கட்டிய புருஷன் பெயர் தெரியாத பெண் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை மட்டும் கூப்பிடுவோம், அதிலும் பதில் இல்லையென்றால் அவ்வளவுதான் என்று சொன்னார்களாம்.

நான் இங்கிருந்து எழுதினேன். என் பெயரைச் சொல், எனக்கு ஒன்றும் ஆகாது, இந்தக் குளிரிலேயே ஆகவில்லை என்று. அவள் பதில் எழுதினாள். நல்லா இருக்கீங்களா, சளி எப்படி இருக்கிறது, மலர் உங்களைக் கேட்டாள். பெயர் விஷயமாக ஒரு வரியும் இல்லை. இனி நானே ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்று மெஸ்ஸுக்கு எந்த இடத்தில் வாடகைக்குப் பார்க்கலாம் என யோசிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது நேர்காணலில் நடந்ததை சுகுணா சொல்லித்தான் தெரியும். ஒரே தடவையில் சொல்லவில்லை, துண்டு துண்டாகப் பல மாதங்களில் சொன்னாள். மறுபடியும் பெயர் கேட்டார்கள், மறுபடியும் தலை குனிந்தாள். சரி, வீடு எங்கே இருக்கிறது என்றார்கள். பாலத்தாண்ட. எந்தப் பாலம்? அதற்கும் பதில் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கே பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, புருஷன் பேரும் தெரியல, குடியிருக்கற எடமும் தெரியல. வேற எதுனா தெரியுமா உனக்கு?"

அப்போதுதான் சுகுணா நிமிர்ந்தாளாம்.

"ஏங்க, நான் சொல்லக் கூடாது. எங்க வூட்டாண்ட பஸ்ஸு நின்னா கண்டக்டர் இன்னான்னு கூவுவாருன்னு சொல்லட்டுங்களா? அதுலயே ரெண்டும் இருக்குது."

"சரி, சொல்லு."

என் மனைவி நேராக உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அதிகாரியின் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். பாஷா பாயின் குரலில், சென்னைப் பட்டணத்து அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்:

"ஏகாம்பரம் பாலம், எறங்கு."

அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாராம். வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த முருகேசன் ஊர் வந்துவிட்டது என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கியிருக்கிறார். ஏகாம்பரம் பாலம், அதுதான் இவள் புருஷன் பெயரா என்று அதிகாரி கேட்க, சுகுணா ஆமாம் என்று தலையாட்டினாள். தலையாட்டுவது சொல்வதில் சேராது.

6

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததாம், விசா கொடுக்கும்போது அதிகாரி எழுதிக்கொண்டது இப்படி: முதல் பெயர் ஏகாம்பரம், குடும்பப் பெயர் பாலம். ஆகவே சுகுணா பாலம், மலர்விழி பாலம். எறங்கு என்பதை விட்டுவிட்டார், அதுவரைக்கும் புண்ணியம்.

விமான நிலையத்தில் வந்து இறங்கிய பெண்டாட்டியும் பிள்ளையும் ஒரு குடும்பம், கூட்டிப்போக வந்த நான் வேறு குடும்பம். திருத்தலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அம்மாள் ரொம்ப மரியாதையாக, இவர்கள் பெயரைத் திருத்துவதைவிட உங்கள் பெயரை மாற்றுவது சுலபம் என்றார். சரி என்றேன். மாலை இல்லை, மேடை இல்லை, ஒரு சோடாகூட இல்லை, கையெழுத்துப் போட்டதும் நான் ஏகாம்பரம் பாலம். என் பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள், பாலத்தை என் பெயருக்கு வைத்துக்கொண்டேன். கணக்கு நேராகிவிட்டது.

அதற்குள் ஊரில் ஆட்சி மாறியது. வந்தவர்கள் போர்டைப் பிடுங்கிவிட்டு அவர்கள் தலைவர் பெயரில் வேறு போர்டு வைத்துவிட்டார்களாம், இதைவிட நீளமாம். முருகேசன் எழுதியிருந்தான். ஆனால் ஜனங்கள் இப்போதுதான் ஏகாம்பரம் பாலம் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்களாம். எங்கள் ஊர் எப்போதும் ஓர் ஆட்சி பின்னால்தான் பேசும். ஜெயவேலுவும் புதுக் கட்சியில் சேர்ந்து, புதுத் தலைவரும் அதே சுவரில் உட்கார்ந்தவர்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் சிரித்துக்கொண்டே அதைப் படித்துக் காட்டினேன். சுகுணா சிரிக்கவில்லை. உங்க பேர எடுத்துட்டாங்களா என்று கேட்டாள். என் பேர் இல்லடி, அவர் பேரு என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

இப்போது மகள் பாமர் என்கிறாள். கரண்டி பாத்திரத்தில் விழுந்ததன் காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். மகளுக்கு விளங்க வேண்டுமே. என் இங்கிலீஷில் பாலம், பஸ், பாஷா பாய் எல்லாவற்றையும் ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். அம்மா உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லையே, ஏன்? பயம் என்றேன். யாருக்கு என்றாள். பதிலுக்கு என்னிடம் இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது.

7

நேற்று மூன்று பேரும் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். சனிக்கிழமைக் கூட்டம். சுகுணாவின் காலடியில் இரண்டு பை, மடியில் முட்டைக்கோஸ். மகள் எங்களைத் தெரியாதவள் மாதிரி முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், இந்த வயசில் அது வழக்கம். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

தூக்கத்தில் எங்கேயோ இரண்டு தட்டு கேட்டது. முன் இருக்கையின் தகரத்தில் யாரோ உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். பிறகு என் காதருகில், கூவாமல், ரொம்ப மெதுவாக:

"ஏகாம்பரம் பாலம், எறங்குங்க."

கண்ணைத் திறந்தேன். எங்கள் ஸ்டாப். சுகுணா முட்டைக்கோஸைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் இருக்கையில் முழுசாகத் திரும்பி அம்மாவையே பார்த்தாள். எப்போதாவது மட்டும் எடுக்கிற தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக,

"அம்மா, நீ அப்பா பேர் சொன்னே" என்றாள்.

"நான் எங்கடி சொன்னேன்? கண்டக்டர் சொன்னாரு."

மகள் பஸ்ஸை ஒருமுறை முன்னாலிருந்து பின்வரைக்கும் பார்த்தாள். இந்த ஊர் பஸ்ஸில் டிரைவர் மட்டும்தான், கண்டக்டர் கிடையாது. அவள் அம்மா கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். நானும் இறங்கினேன்.